ஐந்தாம் பாட்டுக்கும் ஆறாம் பாட்டுக்கும் நடுவில்

செய்தி வந்தபோது என் மீசையின் இடது பாதி கறுப்பாகவும் வலது பாதி வெள்ளையாகவும் இருந்தது. போன புதன்கிழமை காலை, புதுக்கோட்டையில் நான் வழக்கமாகப் போகிற சலூன். பாதி மீசைக்குச் சாயம் பூசிவிட்டு, கடைக்காரர் டீ சொல்ல வெளியே போயிருந்தார். செல்போன் அடித்தது. திரையில் மைக்செட் பெரியசாமியின் பெயர்.

எங்கள் வட்டாரத்தில் யார் இறந்தாலும் சொந்தக்காரர்களுக்கு முன்னால் பெரியசாமிக்குத்தான் தகவல் போகும். குழாய் ஸ்பீக்கர் கட்டவேண்டுமல்லவா? ஆகவே காலை நேரத்தில் அவன் கூப்பிட்டால் யார் போனது என்று மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"சலூன்ல."

"மொகத்தக் கழுவிட்டுக் கெளம்புங்க. நர்சக்கா போயிட்டாங்க. காப்பி குடிச்சுட்டு, டம்ளரக் கீழ வச்சுட்டு, அப்படியே சாஞ்சுட்டாங்களாம்."

நான் எழுந்து நடந்தேன். கடைக்காரர் டீ டம்ளரோடு பின்னால் ஓடிவந்து, "அண்ணே, மீதிப் பாதி?" என்றார். மீதிப் பாதியைப் பூச எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை. இந்தக் கட்டுரையையும் அதே மீசையோடுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் பரிதாபப்படுகிறார்கள். அக்கா பார்த்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சகாயராணி என்பது அவர் பெயர். குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமம். முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். மணமேல்குடிப் பக்கம் கடற்கரை ஊர்களில் வேலையை ஆரம்பித்து, பிறகு குளத்தூர்ப் பக்கம் மாறி, கடைசியில் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தார். தடுப்பூசிப் பெட்டியை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். இந்த மாவட்டத்தில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற கைகளில் பாதி, அவரிடம் ஊசி வாங்கிய கைகளாக இருக்கும். இது கணக்கெடுத்துச் சொன்னதல்ல. பெரியசாமி சொன்னது.

சாயங்காலங்களிலும் விடுமுறைகளிலும் அவர் எங்கள் மெல்லிசைக் குழுவின் பெண் குரல். நான் அந்தக் குழுவின் அறிவிப்பாளர். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மேடைக்கு வந்து பல குரலில் பேசி, கோழி, ஆடு, ரயில் முதலானவற்றைப் போல் கத்தி, ஜனங்களை டீக் கடைப் பக்கம் அனுப்பிவைக்கிற கலைஞன்.

அவரை முதன்முதலில் பார்த்தது இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால். குழுவுக்குப் பெண் பாடகி வேண்டுமென்று சொல்லிவைத்திருந்தோம். ஒரு மதிய நேரத்தில், வேலைச் சேலையோடு, கையில் ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயதுதான். ஐஸ் விற்க வந்தவர் என்று நினைத்து, "ரெண்டு சேமியா ஐஸ்" என்றேன்.

"போலியோ சொட்டு மருந்துதான் இருக்கு. வாயத் தொறங்க" என்றார்.

எங்கள் குழுத் தலைவர், "யாரு கொரல்லம்மா பாடுவீங்க?" என்று கேட்டார். மெல்லிசைக் குழுவில் முதல் கேள்வி எப்போதும் அதுதான். யாருக்கும் சொந்தக் குரல் தேவைப்படாது.

"யாரு கொரலுங்க வேணும்?" என்றார் அக்கா. பிறகு ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு, அடுத்த கால் மணி நேரத்தில் ஐந்து பாடகிகளை வரிசையாக உள்ளே கூட்டிவந்து நிறுத்தினார். கண்ணை மூடினால் ஐந்து பேர். திறந்தால் ஒரு நர்சம்மா.

நான் பல குரல் கலைஞன் அல்லவா, பொறாமை பொங்கிவிட்டது. "ஒங்க சொந்தக் கொரல் எதுங்க்கா?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"அதுக்கு யாரு தம்பி கைதட்டுவா? அது ஊசி போடுறப்ப மட்டும் வரும்" என்று சொல்லிவிட்டு, மருந்துப் பெட்டியை நேரத்துக்குத் திருப்பி ஒப்படைக்கவேண்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வண்டி முதல் மூன்று உதைக்குக் கிளம்பவில்லை. நாலாவது உதையில் கிளம்பியது. நான் சன்னல் வழியே பார்த்துச் சிரித்தேன். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

மேடையில் நான் அவருக்குப் பட்டங்கள் கொடுப்பேன். ஒருமுறை, "நமது மாவட்டத்தின் குயில்" என்று அறிவித்துவிட்டேன். இறங்கியதும் பிடித்துக்கொண்டார்.

"ஏ அறிவிப்பு, குயிலுன்னு இனிமே சொல்லாத."

"ஏங்க்கா? நல்லாத்தான இருக்கு?"

"அது அடுத்தது கட்டுன கூட்டுல போயி முட்ட போடுற பறவ. நானும் அடுத்தவங்க பாட்டத்தான் பாடிக்கிட்டிருக்கேன். நீ சொல்றது புகழ்ச்சியா குத்தலான்னு எனக்கே சந்தேகம் வருது."

குளத்தூர்ப் பக்கம் ஒரு திருவிழா. நான் சொன்ன நகைச்சுவைக்கு ஒரு ஆள் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை வேறு அழ ஆரம்பித்தது. கையில் மைக்கோடு நான் மரம் மாதிரி நிற்கிறேன். பின்னாலிருந்து அக்கா சிரித்தார். அவர் சிரிப்பு தண்ணீர்க் குடத்தைச் சாய்த்த மாதிரி இருக்கும், நிற்காது. அவர் சிரித்ததைப் பார்த்து முன்வரிசை சிரித்தது, பிறகு பந்தலே சிரித்தது. அன்று நான் பெரிய கலைஞனாக இறங்கிவந்தேன்.

"பாத்தீங்களாக்கா, லேட்டாப் புரிஞ்சாலும் சிரிச்சுட்டாங்க."

"ஜோக்குக்கு யாரு சிரிச்சா? அதச் சொல்லிட்டு நீ நின்ன நெலமைக்குச் சிரிச்சேன்" என்றார்.

அவருடைய சொந்தக் குரலை நான் கேட்டது என் மகளுக்குத் தடுப்பூசி போட்ட அன்றுதான். முகாமில் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே, கையில் ஊசியோடு ஒரு பாட்டை எடுத்துவிட்டார்.

"எறும்பு வந்து கடிச்சுச்சு, எங்கிட்டுப் போச்சு? இங்கிட்டுத் தேடு, அங்கிட்டுத் தேடு, ஊசி முடிஞ்சு போச்சு!"

பிள்ளை இங்கிட்டும் அங்கிட்டும் எறும்பைத் தேடி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பார். மேடையில் ஒருநாளும் கேட்காத குரல் அது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் கிண்டல், நடுவில் எங்கோ ஒரு தாய்ப்பசு. நான் வாயைப் பிளந்து நின்றதில், மகள் அழுததைக்கூடக் கவனிக்கவில்லை என்று மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

பிறகு எங்கள் குழு கலைந்தது. இது பற்றி யாரும் பெருமூச்சு விடத் தேவையில்லை. எங்களுக்கே எங்களைக் கேட்கச் சலிப்பாகத்தான் இருந்தது. அக்கா ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஐந்து வருஷம் இருக்கும், திடீரென்று போன் செய்தார்.

"தம்பி, ஒம்பது பாட்டு எழுதி மெட்டுப் போட்டு வச்சிருக்கேன். ஆல்பம் பண்ணப் போறேன்."

"யாரு கொரல்லக்கா?" என்றேன், பழக்கத்தில்.

"நர்சம்மா கொரல்ல."

பாட்டுகளெல்லாம் பழைய முகாம் நோட்டீசுகளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தன. முன்பக்கம் 'கை கழுவுவோம்', பின்பக்கம் கவிதை. புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் பழைய குழுவின் கீபோர்டு பாலு ஒரு கம்ப்யூட்டரையும், வெளிச்சத்தம் புகாமலிருக்க முட்டை அட்டை ஒட்டிய ஒரு அறையையும் வைத்துக்கொண்டு அதை ஸ்டுடியோ என்று சொல்லிக்கொண்டிருந்தான். அங்கேதான் பதிவு.

முதல் பாட்டு ஒரு கிட்டார் மட்டும் வைத்துக் கடற்கரைப் பாட்டு. இரண்டாவது கும்மித் தாளம், அதற்கு நானும் கைதட்டியிருக்கிறேன். மூன்றாவது ஒப்பாரி. நாலாவது ஊசிப் பாட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேகவேகமாகப் பேசுகிறார்களே அந்தப் பாணியில். ஐந்தாவது, துபாயில் இருக்கும் புருஷனோடு வீடியோ காலில் சண்டை போடும் பெண்ணின் பாட்டு, அரபு நாட்டுத் தாளத்தில். அதற்கப்புறம் ஒன்று கோயில் பாட்டு போல, ஒன்று ஆர்மோனியத்தில் நாடக மெட்டு, ஒன்று சர்ச்சில் பாடுவது போல நாலு குரலில். நாலும் அவரே. கடைசியில் தாலாட்டு மாதிரி ஒன்று, தாளமே இல்லாமல்.

பாலுவுக்குத் தலை சுற்றியது. "அக்கா, ஒரே ஸ்டைல்ல போங்கக்கா. ஜனங்க கொழம்பிருவாங்க. ஒரு ஆளு பாடுன மாதிரியே இல்ல."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "எல்லா ஊர்லயும் நான் ஒரே ஊசிதான் போடுறேன். எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரியா அழுவுது? ஊருக்கு ஊரு சத்தம் வேற பாலு. போற ஆளு ஒரே ஆளு."

அதையே பெயராகவும் வைத்துவிட்டார். 'ஒரே ஆள்.'

மூன்றாவது பாட்டு பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும், அதில் நான் நடித்திருக்கிறேன். கேட்டால் நெஞ்சு உருகும் ஒப்பாரி அது. "எங்கிட்டுப் போனியோ, எந்த வேலி தாண்டினியோ" என்று ஆரம்பிக்கும். கடைசிச் சரணத்தில்தான், "கொம்பு மொளைக்கும் முன்னே, கொழை தின்னப் போனியோ" என்று வந்து, காணாமல் போனது ஒரு ஆட்டுக்குட்டி என்று தெரியும். உடனே தூரத்தில் அந்த ஆடு குரல் கொடுக்கும். அந்த ஆடு நான். பதினெட்டு முறை கத்தவைத்தார். "இது வித்துப்போன ஆடு தம்பி. எனக்குத் தொலஞ்சுபோன ஆடு வேணும்" என்று திருப்பித் திருப்பிக் கேட்டு வாங்கினார்.

ஆல்பம் நாற்பத்தொரு நிமிஷம், ஒரே நீளக் கோப்பாக முடிந்தது. இரண்டு பென்டிரைவில் போட்டு, ஒன்றை எனக்கும் ஒன்றைப் பெரியசாமிக்கும் கொடுத்தார். "நீ அறிவிக்கிற ஆளு, அவன் ஒலிபரப்புற ஆளு. ரெண்டு பேரும் இருந்தா ஒலகம் கேட்டுரும்" என்றார். இணையத்தில் ஏற்றலாம் என்று பாலு சொன்னதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டைத் தனித்தனியாகப் பிரித்துப் போடச் சொல்கிறானாம். "ஒண்ணுலேருந்து ஒம்பது வரைக்கும் ஒரே மூச்சுல கேக்கணும். ஒருத்தரு கேட்டாலும் போதும்." எங்களிடம் அவர் வேண்டியது அந்த ஒன்றைத்தான். ஏன் அப்படி என்று நாங்கள் கேட்டதற்கு, "வெவரம் சொல்லிக் குடுக்க அது என்ன மருந்துச் சீட்டா? கேட்டாத் தெரியும்" என்று முடித்துவிட்டார்.

நாங்கள் இருவரும் என்ன செய்தோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நான் அன்றே வீட்டில் போட்டேன். மூன்றாவது பாட்டில் என் ஆடு வந்தது. ஓடிப்போய் மனைவியைக் கூட்டிவந்து மறுபடி போட்டேன். மச்சானுக்குப் போன் செய்து, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து மறுபடி போட்டேன். திருப்தியாகிவிட்டது. நாலாவது பாட்டுக்கு நான் போகவே இல்லை. பாட்டுகளுக்கு இடையே ஏதோ வண்டிச் சத்தம் வந்தது. ஜெராக்ஸ் கடை வாசல் சத்தம் உள்ளே புகுந்துவிட்டது, முட்டை அட்டை ஸ்டுடியோவில் வேறென்ன வரும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்தப் பென்டிரைவில் என் பல குரல் நிகழ்ச்சிகளையும் ஏற்றினேன். அதில் ஒரு துளை இருந்தது வசதியாகப் போயிற்று. பைக் சாவியில் மாட்டிக்கொண்டேன்.

பெரியசாமி இன்னும் மேலே போனான். அவனுடைய லேப்டாப்பில் பாட்டுகளெல்லாம் வகைவகையாகப் பிரித்திருக்கும். கல்யாணம், காதுகுத்து, கோயில், சர்ச், துக்கம். எல்லா மைக்செட்காரர்களும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். அவசரத்தில் மாற்றிப் போட்டால் அடி விழும் தொழில் அது. நாற்பத்தொரு நிமிஷக் கோப்பை எந்த வீட்டில் போடுவது? ஆகவே சகாயராணி அக்காவை ஒன்பதாக வெட்டி, ஐந்து வகையில் பங்கு வைத்துவிட்டான்.

வெட்டினது வீண்போகவில்லை. கும்மிப் பாட்டு திருவிழாக்களில் ஓடியது. நாலு குரல் பாட்டு கிறிஸ்துமஸுக்கு ஓடியது. துபாய்ப் பாட்டுக்குக் கல்யாண வீடுகளில் ஆடினார்கள். ஊசிப் பாட்டு காதுகுத்து வீடுகளுக்கு. அதில் ஒரு வேடிக்கை. பந்தியில் உட்கார்ந்திருக்கும் மீசைக்காரர்கள், பாட்டு ஆரம்பித்ததும் தங்களை அறியாமல் இடது புஜத்தைத் தேய்த்துக்கொள்வார்கள். ஆட்டுப் பாட்டு இருக்கிறதே, அது துக்க வீடுகளில் மாவட்டத்தையே அழவைத்தது. கடைசிச் சரணத்தையும் என் குரலையும் பெரியசாமி வெட்டி எறிந்திருந்தான். அதற்காக அவனோடு ஆறு மாதம் பேசவில்லை.

எந்த வீட்டிலும் யாருக்கும் அது ஒரே ஆள் பாடியது என்று தெரியாது. அக்கா காதுபடவே ஒருவர், "துபாய்ப் பாட்டு பாடுன புள்ள யாரோ மெட்ராஸ்காரி" என்றாராம்.

பெரியசாமி பெருமையாகத்தான் அவரிடம் சொன்னான். "எல்லாமே ஓடுதுக்கா. சாவுக்கு ஒண்ணு, சடங்குக்கு ஒண்ணு, ஒரு பாட்டும் சும்மா கெடக்கல. நடுவுல வண்டிச் சத்தம் பிசிறா இருந்துச்சு, அதையும் சுத்தமா வெட்டித் தூக்கிட்டேன்."

அக்கா, "நல்லா இருப்ப பெரியசாமி. கோழி அடிச்சுப் பங்கு போடுற மாதிரிப் போட்டுட்டியேடா" என்று மட்டும் சொன்னாராம். மூலக் கோப்பைக் கேட்டதற்கு, இடம் அடைத்தது என்று அழித்துவிட்டேன் என்றான். அக்காவிடம் இருந்த பிரதி அவருடைய போனில் இருந்தது. அந்தப் போன் கண்மாயில் விழுந்தது. பாலு மலேசியா போய்விட்டான், கம்ப்யூட்டர் எடைக்குப் போய்விட்டது. ஆக, முழு ஆல்பம் உலகத்திலேயே என் பைக் சாவியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, அதக் கொஞ்சம் கொண்டாயேன், ஒரு காப்பி எடுத்துக்கிறேன்" என்று எத்தனையோ தடவை கேட்டார்.

"நாளைக்குத் தாரேன்க்கா" என்பேன். அதில் என் கோழிக் கூவல்களை ஏற்றியிருப்பதைப் பார்த்தால் திட்டுவாரே என்று பயம்.

அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "முழுசாக் கேட்டியா?"

"பல தடவ கேட்டேன்க்கா. கண்ணுல தண்ணி."

"அப்ப சொல்லு. அஞ்சாவது பாட்டுக்கும் ஆறாவது பாட்டுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"நடுவுல... ஒரு மௌனம்க்கா. ஆழமான மௌனம்."

அக்கா என்னையே பார்த்தார். திட்டவில்லை. "ஆமா தம்பி, ரொம்ப ஆழம்" என்று சொல்லி அவருடைய குடத்துச் சிரிப்பைச் சிரித்தார். அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும், கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும், அதே கேள்விதான். நானும் பதிலை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். புல்லாங்குழல் என்றேன், அலைச் சத்தம் என்றேன். "கேக்கல நீ" என்பார். கடைசியாகக் கேட்டது போன மாதம்.

புதன்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது தெருமுனையிலேயே குழாய் ஸ்பீக்கர் அழுதுகொண்டிருந்தது. "எங்கிட்டுப் போனியோ, எந்த வேலி தாண்டினியோ." தன் சாவுக்குத் தானே ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தார், அதுவும் ஆட்டுக்கு எழுதிய ஒப்பாரி. பெண்கள் விம்முகிறார்கள். நான் நேரே பெரியசாமியிடம் போனேன்.

"டேய், அது ஆட்டுப் பாட்டுடா."

"தெரியும்ண்ணே. ஆனா அழுவுறாங்கல்ல? சரி, மீசைக்கு என்ன ஆச்சு?"

அக்காவின் கணவர் ஆரோக்கியசாமி அண்ணன், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தி முடித்துவிட்டதால், ஓய்வுக்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டவர். அந்த வீட்டில் சமையல் அவருடையது. அக்கா ஊர் சுற்றி வருவதற்குள் குழம்பு கொதித்திருக்கும். அன்று காலையிலிருந்து அவர் அழவே இல்லை என்று சொன்னார்கள். மதியத்துக்கு மேல் எங்கள் இருவரையும் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அவ அந்தப் பாட்ட முழுசா ஒருவாட்டிக் கேக்கச் சொல்லிக்கிட்டே இருந்தா. நானும் நாளைக்கு நாளைக்குன்னுட்டேன். சர்ச்சுலேருந்து சாமியார் நாலு மணிக்கு வாராராம். அதுக்குள்ள போட்டுருங்கப்பா."

பெரியசாமியின் முகம் செத்துவிட்டது. என் காதருகே வந்து, "அண்ணே, எங்கிட்ட வெட்டுனதுதான இருக்கு?" என்றான். நான் பைக் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தேன். அஞ்சு வருஷ வெயிலும் மழையும் பட்ட பென்டிரைவ். அது ஓடுமா, உள்ளே இன்னும் இருக்கிறதா, எனக்கே தெரியாது.

பெரியசாமி அதைச் செருகி, முதலில் கண்ணில் பட்ட கோப்பைத் தட்டினான். குழாய் ஸ்பீக்கரில், துக்க வீட்டுக்கு மேலே, பிற்பகல் மூன்று மணிக்கு, என் சேவல் கூவியது.

ஒருமுறை அல்ல, மூன்று முறை. தெருவில் இருந்த நிஜச் சேவல்கள் இரண்டு பதில் கூவின. பந்தல் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பாதி மீசையோடு நான் நின்றேன். குளத்தூர்த் திருவிழாவுக்குப் பிறகு அப்படி நான் எங்கும் நின்றதில்லை. அன்று சிரித்துக் காப்பாற்றிய ஆள் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார்.

பெரியசாமி தடவித் தடவிச் சரியான கோப்பைக் கண்டுபிடித்துவிட்டான்.

முதலில் ஒரு மொபெட் வந்தது. பிறகு கிட்டார், கடல். பாட்டு முடிந்ததும் மறுபடி மொபெட் கிளம்பியது, கொஞ்ச தூரம் ஓடியது, நின்றது. கும்மி. மறுபடி வண்டி. ஒப்பாரியின் கடைசியில் என் ஆடு கத்தியபோது, இத்தனை நேரம் அழுத ஆத்தா ஒருவர், "அடி பாவி, ஆட்டுக்குட்டிக்கா நாலு வருசமா அழுதுக்கிட்டிருக்கோம்?" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டார். ஊசிப் பாட்டு வந்தது. பந்தலில் இருந்த வாலிபர்கள் எல்லாரும் புஜத்தைத் தேய்த்தார்கள். துபாய்ப் பாட்டு ஆரம்பித்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்தே விட்டார்.

"எழவு வீட்டுல என்னப்பா இது கூத்து? நிப்பாட்டு."

ஆரோக்கியசாமி அண்ணன் தலையைத் தூக்காமல், "ஓடட்டும்" என்றார். பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தாவது முடிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. ஜெராக்ஸ் கடை வாசல் சத்தமும் இல்லை, பிசிறும் இல்லை. ஒவ்வொரு பாட்டும் ஓர் ஊர். மணமேல்குடிக் கடலில் ஆரம்பித்து, குளத்தூர் வழியாக, வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறார். முப்பது வருஷ வேலையை ஒரே நாள் ஆக்கி, ஊருக்கு ஒரு சத்தம் கொடுத்து, நடுவில் அந்த ஓட்டை வண்டியை ஓட்டியிருக்கிறார். நாங்கள் ஊர்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவரை வெட்டித் தூக்கிவிட்டோம்.

பக்கத்தில் பெரியசாமி, தோளில் கிடந்த வயரைத் திருகிக்கொண்டே, "வண்டியத்தான்ணே வெட்டிட்டேன்" என்று அழுதான்.

சாமியார் சீக்கிரமே வந்துவிட்டார். எட்டாவது பாட்டு நாலு குரலில் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவரும் உட்கார்ந்துகொண்டார். ஒன்பதாவது, தாலாட்டு மாதிரி வந்து, மெல்ல ஓய்ந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து எழப்போனோம். கடைசியாக ஒருமுறை வண்டி வந்தது. மெதுவாகி, நின்று, ஸ்டாண்டு போடுகிற 'டக்' சத்தம். செருப்பைக் கழற்றுகிற சத்தம். அப்புறம், யார் குரலிலும் இல்லாத அவருடைய சொந்தக் குரல், நாலு குழாயிலும், ஊர் முழுக்க:

"ஏங்க, வந்துட்டேன். என்ன கொழம்பு?"

"கத்திரிக்கா" என்றார் ஆரோக்கியசாமி அண்ணன், பழக்கத்தில். தரையைப் பார்த்தபடியே, "கையக் கழுவிட்டு வா" என்றும் சொன்னார்.

சொன்ன பிறகுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. ஆட்டுக்கு அழுத ஆத்தாதான் முதலில் சிரித்தார் என்று நினைக்கிறேன். அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்து, பந்தல் முழுக்க அது பரவியது. குடத்தைச் சாய்த்த மாதிரி. நானும் சிரித்தேன். யாரும் என் மீசையைப் பார்க்கவில்லை.

பென்டிரைவ் இப்போது ஆரோக்கியசாமி அண்ணனிடம் இருக்கிறது. பெரியசாமி பிரதி எடுத்துக்கொண்டான். அவன் லேப்டாப்பில் கல்யாணம், காதுகுத்து, கோயில், சர்ச், துக்கம் ஆகியவற்றோடு ஆறாவதாக ஒரு வகை சேர்ந்திருக்கிறது. 'ஒரே ஆள்' என்று பெயர், அதில் ஒரே ஒரு கோப்பு. எந்த வீட்டில் கேட்டாலும், "நாப்பத்தொரு நிமிசம் உக்காந்து கேப்பீங்களா? கேட்டாப் போடுறேன்" என்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்து வீட்டில் சம்மதித்திருக்கிறார்கள். பந்தி கொஞ்சம் தாமதமாயிற்று, யாரும் எழுந்து போகவில்லை என்று போன் செய்து சொன்னான். காலை நேரத்தில்தான் கூப்பிட்டான். முதல்முறையாக, பட்டியல் போடாமல் எடுத்தேன்.

அக்கா, இப்போது கேளுங்கள், சொல்கிறேன். ஐந்தாவது பாட்டுக்கும் ஆறாவது பாட்டுக்கும் நடுவில் மூன்று உதை இருக்கிறது. வண்டி கிளம்பவில்லை. "சனியன் புடிச்ச வண்டி" என்று நீங்கள் திட்டுவது ஒன்று இருக்கிறது. அப்புறம் உங்கள் சிரிப்பு, கொஞ்சமாக. நாலாவது உதைக்குக் கிளம்பிவிடுகிறது.

பார்த்துப் போங்கக்கா.